நாற்பத்திரண்டு பல்

என் கணவருக்குச் சாமியிடம் நேர்வதற்கு முன் யோசிக்கும் பழக்கம் கிடையாது. இருதயம் பழுதாகித் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழும்பி நடந்தால் வெள்ளிக்கிழமைதோறும் சந்நிதி முருகனிடம் சைக்கிளிலேயே வருவேன், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நேர்ந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழும்பியும் விட்டார். வீட்டுக்கு விடும்போது டொக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மூச்சு வாங்கிற வேலை ஒண்டும் இனி வேண்டாம்."

இந்த இரண்டு வாக்கையும் சேர்த்துக் காப்பாற்றலாம் என்று அவர் நம்பினார். எப்படி என்று கேட்டால், செயின்வீலைச் சின்னதாக்கினால் சரியாம். பெடலோடு சுற்றும் பல் வளையத்தைத்தான் சொல்கிறேன். பல் குறைந்தால் கால் கூடுதலாகச் சுற்றும், பாரம் குறையும். மனிதர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தாலும் இளமையில் வருஷப்பிறப்புச் சைக்கிள் ஓட்டங்களில் முன்னுக்கு வந்தவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்தையும் பல்லை மாற்றித் தீர்க்கலாம் என்பது அவருடைய சமயம்.

எங்கள் வீடு அச்சுவேலியில். அங்கிருந்து தொண்டைமானாற்றுச் சந்நிதிக்கு ஒரு மேடு கிடையாது. எங்கள் பக்கத்தில் காற்றுத்தான் மலை. தென்மேற்குச் சோளகம் அடிக்கும் மாதங்களில் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பும்போது அதே காற்று நெஞ்சைப் பிடித்து நிறுத்தும். வாடைக்காலத்தில் இது மறுவளமாக நடக்கும். எந்த மாதத்துக்கு எத்தனை பல் என்று ஓட்டக்காரர்கள் கோயில் வீதியில் நின்று சண்டை பிடிப்பார்கள்.

அவருடைய ஓட்டச் சைக்கிளில் ஐம்பது பல் இருந்தது. அதைக் கழற்றி நாற்பத்தெட்டு போட்டார். நான் பின்னால் கரியரில் ஏறி இருந்தேன். அந்த வருஷம் நன்றாகத்தான் போனோம். அடுத்த வருஷம் நாற்பத்தாறு. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. பழைய சைக்கிள் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய், கடுதாசியில் வளையத்தின் மூன்று ஆணித் துளையை அச்செடுத்துக்கொண்டு வந்து தன்னுடைய கிராங்கில், பெடல் தண்டில், வைத்துப் பார்ப்பார். துளை பொருந்தினால் பல் தடிப்பாக இருக்கும், பல் மெல்லிதாக இருந்தால் துளை பொருந்தாது. பொருந்திய ஒன்றை முற்றத்தில் வைத்து முதல் பல்லில் திருநீறு தடவி அங்கிருந்து எண்ணுவார். நாற்பத்துநாலு வந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. குறைந்துகொண்டு போனது பல் மட்டும் அல்ல. முதுகோடு ஒட்டி இருந்து போகிறவளுக்கு உள்ளே மூச்சு இழுபடுவது கேட்காதா?

"பஸ்ஸிலை போவம்" என்றேன்.

"பஸ்ஸிலை போனால் நேர்த்தி தீருமோ?"

"அப்ப நான் வரேல்லை. நீங்கள் தனியப் போங்கோ."

"உம்மையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டெல்லோ நேர்ந்தனான்."

முருகன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிழைக்க விட்ட பிறகு இப்படி வட்டி கேட்கலாமா என்று சாமியறையில் நின்று வாய்விட்டே ஏசினேன்.

கடைசியாக நாற்பத்திரண்டு கிடைத்தது. அதற்குக் கீழே அந்தக் கிராங்குக்கு இல்லை. துளையும் பல்லும் ஒன்றோடொன்று முட்டிவிடும் என்று அவரே சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை சந்நிதி வெளிக்கு வர முன்னமே சைக்கிளை நிறுத்தி, வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாக இருந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அவர் பின்னால் இடைக்கிடை இருந்து இளைப்பாறி நடந்து வந்தார்.

மறுநாள் என் தங்கையிடம் போய், குறுக்குப் பாரில்லாத அவளுடைய பொம்பிளைச் சைக்கிளை வாங்கி வந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"சைக்கிளிலை போறதெண்டுதானே நேர்ந்தனீங்கள். ஆர் உழக்கிறதெண்டு சொன்னனீங்களோ?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஊர் சிரிக்குமப்பா."

"சிரிக்கட்டும். அதுகளுக்கும் ஒரு முசுப்பாத்தி வேணும்தானே."

பள்ளிக்கூடத்துக் காலத்தில் சைக்கிள் ஓடியதோடு சரி. ஒழுங்கையில் இரண்டு நாள் விழுந்து எழும்பினேன். அதற்குள் அவர் வாங்குப் பலகையில் இருந்தபடியே கிராங்கை ஒரு சைக்கிளில் இருந்து மற்றதுக்கு மாற்றிவிட்டார். தங்கையின் செயின் அகலம், அவருடைய வளையம் மெல்லிது. அகலமான செயின் மெல்லிய பல்லில் கொஞ்சம் ஆடும், ஆனால் கழலாது, மெல்லிய செயின் என்றால் அவளுடைய பின்பல்லில் இறங்கவே இறங்காது என்று எனக்கு விளக்கம் வேறு. ஓட்டத்துக்குப் பெடியள் வந்து கேட்டால் கணக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"என்னையும் இழுக்க உமக்கு நாப்பத்திரண்டு காணும்."

நாங்கள் போனோம். சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் "தம்பி, நல்லாய்ப் பிடிச்சுக்கொள்" என்று கத்தினார். என் கணவர் கரியரில் இருந்தபடி கை உயர்த்திக் காட்டினார். பொழுது சாய்ந்து காற்று அடங்கின பிறகுதான் திரும்புவோம். அந்தச் சோளகம் முழுக்க அப்படித்தான். மாரி தொடங்க அவரால் கரியரில் நிமிர்ந்து இருக்க முடியவில்லை, நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வருவார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த நாட்களில் ஒரு பாரமும் இல்லாமல் இருந்தார். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை போய்விட்டார்.

மரணத் துடக்குக் கழிந்த முதல் வெள்ளி, நேர்த்தியை நான் முடிக்கலாம் என்று சைக்கிளை எடுத்தேன். இவ்வளவு கெதியாக இவளுக்குக் கோயிலா என்று சிலர் கேட்டார்கள். கேட்கட்டும். அன்றைக்குக் காற்றும் இல்லை, தெருவில் ஏறின உடனேயே கால் வெறுமனே சுற்றத் தொடங்கியது. எவ்வளவு உழக்கினாலும் பெடல் முன்னால் ஓடுகிறது, பிடிபட ஒரு பாரம் இல்லை. சந்தியில் இருந்த சைக்கிள் கடையில் இறங்கி, ஏதோ கழன்றுபோய்விட்டது, பார் என்றேன்.

கடைக்காரன் குனிந்து சுற்றிப் பார்த்தான்.

"ஒண்டும் கழரேல்லை அக்கா. உது பாரம் ஏத்திறதுக்குப் போட்ட பல்லு. நாப்பத்தாறு போட்டால் சரி." நிமிர்ந்து கேட்டான். "இனித் தனியத்தானே ஓடுவியள்?"

அன்றுவரை செத்தவீட்டிலும் எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"ஓம்" என்றேன்.