ரிலீவர் வரும் வரை

எங்கள் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம், என்னிடம் ஜெராக்ஸ் மிஷின் இருந்தது. நோட்டீஸ் அடிக்க வேண்டுமா, கூட்டத்துக்கு அழைப்பு தயார் செய்ய வேண்டுமா, மனு எழுத வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என் கடைக்குத்தான் வந்து நிற்பார்கள். எப்படியும் அந்தம்மாவிடம்தான் போகப்போகிறோம், பதவியையும் அங்கேயே வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று முதல் ஒரு வாரம் நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் கடைத்தெரு அது. மளிகை, துணி, செல்போன், கறிக்கடை, மருந்துக்கடை, முனையில் ஒரு டீக்கடை என்று மொத்தம் இருபத்தெட்டுக் கடைகள். அதில் ஐந்தை நடத்துவது பெண்கள். ஐந்து பேருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று இருந்தது. பகலில் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

விரதம் ஒன்றும் இல்லை. தெருக்கோடியில் இருந்த கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பூட்டியது வேறு யாரும் அல்ல, எங்கள் சங்கமேதான். கட்டடம் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கும் எரிந்தது. சுத்தமாக வைத்துக்கொள்வது மட்டும்தான் எங்கள் பொறுப்பு. மாதத்துக்கு ஒரு கடைக்காரர் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது மாதக்காரர் அடுத்தவரிடம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்தவர், ‘என்னிடம் யாருமே சொல்லவில்லையே’ என்றார். தொட்டி வழிந்து, வாளி காணாமல் போய், நாற்றம் மருந்துக்கடை வரை வந்ததும் தெருவே கூடிச் சண்டை போட்டது. கடைசியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். ‘பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று டைப் அடித்துக் கொடுத்தது நான். மழையில் நனைந்துவிடுமே என்று லேமினேஷன் போட்டு ஒட்டியதும் நான்தான். அப்போது நான் செயலாளர்கூட இல்லை, சும்மா ஒரு உற்சாகம். அந்தத் தற்காலிகம் நாலு வருஷம் அழியாமல் இருந்தது.

ஆண்களுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. ஊர் முழுக்க அவர்களுக்குச் சுவர் இருக்கிறது. நான் போக வேண்டுமென்றால் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டியில் குவார்ட்டர்ஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அரைமணி நேரம் போய்விடும். ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நாட்களில் அதுவும் நடக்காது. காலையில் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசல் செம்பருத்திக்கு ஊற்றுவேன். எங்கள் வரிசையிலேயே அதிகம் பூப்பது அந்தச் செடிதான்.

ஒரு மழைநாளில் டீக்கடைப் பெண் ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து வருபவள். நிலக்கரி மைன்ஸுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் அவள் கை டீயைக் குடித்துவிட்டுத்தான் போவார்கள். ஏழு வருஷமாக ஒரே கடை, ஒரே சிரிப்பு. அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது.

“என்னம்மா இது?” என்றேன்.

“யூரின்ல இன்பெக்‌ஷனாம்க்கா. இதோட மூணாவது வாட்டி. இப்டியே இருந்தா கிட்னிக்குப் போயிடும்னாரு டாக்டரு. தெனம் மூணு லிட்டரு தண்ணி குடிக்கணுமாம்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “குடிச்சிட்டு எங்கக்கா போறது?”

நான் அடுத்த காகிதத்தை மிஷினில் வைத்தேன்.

“பொங்கலோட கடைய வுட்டுர்றேன்க்கா. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஒடைக்கற எடத்துல ஆளு கேட்டுகினு இருக்காங்க. வருமானம் பாதிதான். ஆனா அங்க பாத்ரூம் இருக்குது.”

கையில் ஓடுகிற கடையை, கூட்டம் நிற்கிற கடையை, ஒரு கதவு பூட்டியிருப்பதால் ஒருத்தி விட்டுவிட்டுப் போகிறாள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பக்கத்து மேஜையில் லேமினேஷன் மிஷின் இருந்தது. அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நேராகத் தலைவரிடம் போனேன். தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். முப்பது வருஷம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றபின் கடை வைத்தவர். நல்ல மனிதர், ஆனால் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ரகம். டிராயரைத் திறந்து கழிப்பறைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

“இந்தா இருக்கும்மா. நாளைக்கே திறக்கலாம். ஒரு மாசத்துல பழையபடி ஆயிடுமே, அப்ப யாரு பதில் சொல்றது? பாதி உறுப்பினராவது கூட்டத்துல உக்காந்து, நாங்க பொறுப்பா பாத்துக்கறோம்னு தீர்மானம் போடட்டும். அப்புறம் திறக்கறேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

கூட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கறிக்கடையில் மூச்சு விட நேரமில்லை, சில பேர் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். சரி, வார நாளில் பிற்பகல் என்றேன். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வருகிற நேரம், மளிகைக்காரரும் டீக்கடையும் நகர முடியாது. மாலை என்று மாற்றினேன். ஜெனரல் ஷிப்ட் முடிந்து குடும்பத்தோடு துணி எடுக்க வருகிற நேரத்தில் எந்தத் துணிக்கடைக்காரர் கூட்டத்துக்கு வருவார்? மூன்று தடவை நாற்காலி போட்டோம், மூன்று தடவை வடை சொன்னோம். அதிகபட்சம் ஆறு பேர் வந்தார்கள். மற்றவர்களைப் போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டு.

“நீங்க முடிவு பண்ணுங்க மேடம், நான் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

மாதத்துக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்தபோதும் இப்படித்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துக்குக் குறைச்சலே இருந்ததில்லை. இதற்கு நடுவில் மார்கழி பிறந்துவிட்டது. டீக்கடைப் பெண் கடையிலிருந்த பெரிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஊருக்கு எடுத்துப் போக ஆரம்பித்திருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வர வேண்டிய என் கணவர் நாலு மணிக்கு வந்தார். சோறு ஆறிப்போய்விட்டது, நானும் கடையைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

“ரிலீவர் வரலை” என்றார். அவருடைய இடத்தில் அடுத்த ஷிப்டுக்கு வந்து பொறுப்பேற்க வேண்டிய ஆள்.

“வரலைன்னா கிளம்பி வர வேண்டியதுதானே?”

“கரி போற பெல்ட் ஓடிக்கிட்டு இருக்குது. யார் கையிலயாவது ஒப்படைக்காம எப்படி எழுந்து வர்றது?”

இருபது வருஷமாக இந்த வசனத்தைக் கேட்டு இருபது வருஷமாகச் சண்டை போட்டவள் நான். அன்றைக்கு ஏனோ சண்டை வரவில்லை. அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

“சார், மைன்ஸ்ல எல்லாரும் ஒரே நேரத்துலயா வேலை பாக்குறாங்க?” என்று தலைவரிடம் கேட்டேன்.

“அதெப்படி முடியும்?”

“அப்ப நம்ம கூட்டத்துக்கு மட்டும் எல்லாரும் ஒரே நேரத்துல வரணும்னு ஏன் நிக்கிறோம்? காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் கூட்டத்தை ஓட்டுவோம். நாலு நாற்காலி. அவங்கவங்களுக்குத் தோதான நேரத்துல வந்து உக்காரட்டும். ஆனா அடுத்த ஆள் வந்து உக்காராம யாரும் எந்திரிக்கக் கூடாது.”

அவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நான் அடுத்த சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “ஹேண்டிங் ஓவர் நோட்டு ஒண்ணு வேணும்மா. முன்னால இருந்தவன் என்ன பேசினான்னு வர்றவன் படிச்சாத்தானே தொடர முடியும்?” என்றார். முப்பது வருஷ ஷிப்ட்காரர் அவருக்குள்ளிருந்து எழுந்து வந்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் கடை வாசலில் நாற்காலி போட்டோம். காலையில் முதலில் வந்து உட்கார்ந்தவள் டீக்கடைப் பெண். முதல் ஷிப்ட் கூட்டம் வடிந்து, ஜெனரல் ஷிப்ட் கூட்டம் வருவதற்குள் அவளுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. என்ன சொல்கிறீர்கள் என்று தலைவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

“எழுதிக்கோங்க சார். நான் காலையில நாலு மணிக்கு வூட்ட வுட்டுக் கெளம்பறேன். சாயங்காலம் வூட்டுக்குப் போற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. உங்க எல்லாருக்கும் டீ ஊத்திகினே இருக்கேன், நான் ஒரு டீ குடிக்கறதில்ல. ஒடம்பு கெட்டுப் போச்சு. அதான் போறேன். வேற ஒண்ணும் இல்லைங்க.”

தலைவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதினார். எழுதி முடித்தபிறகும் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. அடுத்து வந்தவர் நோட்டைப் படித்தார். அவருக்கு அடுத்தவரும் படித்தார். விதி அப்படி, படிக்காமல் கையெழுத்துப் போட முடியாது. கடைக்குக் கடை ஏறி இறங்கிச் சொல்லியிருந்தால் அவமானப்பட்டிருப்பாள், நானும் மென்று விழுங்கியிருப்பேன். நோட்டில் இருந்ததால் ஒவ்வொருவரும் தனியாகப் படித்தார்கள். கறிக்கடைக்காரர் பெரிய குரல்காரர், தெருவுக்கே கேட்கும். அவர் படித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தினம் ரெண்டு டீ குடிக்கிறேன் மேடம். எனக்குத் தெரியாதே.”

செல்போன் கடைக்காரர் ஐந்து நிமிஷம் என்று வந்தவர், துணிக்கடைக்காரர் வந்து மாற்றிவிடாததால் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். திட்டினார், போன் போட்டுக் கத்தினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் இது நடக்கும் என்று எனக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. மாலை நாற்காலியை மடக்கும்போது இருபத்துமூன்று பேர் உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். தீர்மானமும் அதே மாதிரி எழுதினோம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு ஒரு கடைக்காரர். துப்புரவுக்குச் சங்கச் செலவில் தினமும் ஆள் வருவார். தண்ணீர் இருக்கிறதா, வாளி இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கடைக்காரர் வேலை. சாவியை அடுத்தவர் கையில் நேரில் கொடுத்து நோட்டில் எழுதாமல் யாரும் கடையைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது.

திறப்பு விழா எல்லாம் கிடையாது. முதல் நாள் நாங்களே இறங்கிக் கழுவினோம். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடையிலிருந்து புதுத் துடைப்பம் இரண்டு எடுத்து வந்தார். அந்த நோட்டீஸை நான் உரித்தேன். வர மாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

எல்லாம் சுபமாக நடந்தது என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்களே சிரிப்பார்கள். இரண்டாவது வாரத்தில் செல்போன் கடைக்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பண்ருட்டிக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டார். டீக்கடைப் பெண் போனில் அவரை வாங்கிய வாங்கில், சரக்கை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். மறுநாள் தலைவர் அந்தச் சாவிக்கு ஒரு சாண் நீளக் கட்டையைக் கட்டிவிட்டார். இப்போது எந்தப் பைக்குள்ளும் அது போகாது. மளிகைக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் வாளி விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் சாவி மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

பொங்கல் வந்தது. டீக்கடை மூன்று நாள் மூடியிருந்தது. நாலாவது நாள் காலையில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது என் கண் தானாகவே அந்த முனைக்குப் போனது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போன பெரிய பாத்திரங்கள் திரும்பி வந்து பெஞ்சில் வரிசையாக இருந்தன. பெஞ்சருகே வண்டியை நிறுத்தினேன். அவள் சொம்பை அண்ணாந்து கடகடவென்று தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட ஆரம்பித்தாள்.

போன வாரம் வாசலில் நின்றுகொண்டு என் கணவர் குரல் கொடுத்தார்.

“செம்பருத்தி ஏன் இப்படி வாடுது? பாட்டில் தண்ணிய ஊத்துறதில்லையா?”

“பாட்டில்ல தண்ணி ஏது? நான் குடிச்சிட்டேன்” என்றேன். “நீங்க குழாய்ல பிடிச்சு ஊத்துங்க.”