லோர்னா எழுந்து போனால்தான் ஜெயிப்போம்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி இன்னிங்ஸ் தொடங்கினால், லோர்னா ஹப்கா எழுந்து வெளியே போய்விட வேண்டும். சட்டமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டியைக் காட்டியே அத்தனை பிள்ளைகளையும் அடக்கி வைத்திருக்கிற அந்த அம்மாள், கேலரியில் கூட உட்காரும் எங்கள் வரிசைக்காரர்களுக்கு மட்டும் பயப்படுவாள்.

ஒருமுறை அவள் சாஸேஜ் வாங்கப் போன நேரத்தில், தோற்க இருந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம். மறுநாள் நகராமல் உட்கார்ந்திருந்தாள், தோற்றோம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அன்று முதல் கடைசி இன்னிங்ஸில் அவள் இடம் கேலரிக்குக் கீழே, சாஸேஜ் கடையோரம். எங்கள் கூச்சலைக் கேட்டுத்தான் முடிவைத் தெரிந்துகொள்வாள். ஜெயிக்கிற அடியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்த லட்சணத்தில் அவள் மகன் கெண்டலையே எங்கள் அணி சம்பளத்துக்கு எடுத்தது. எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தது. கோடை முழுக்கப் பையன் சூரியகாந்தி விதை கொறித்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஓடி வந்து ரன் எடுக்க இரண்டு பேர் பேஸில் காத்திருந்தார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் எங்களுடையது. லோர்னா அன்று கொஞ்சம் தாமதமாகப் பையை எடுத்துக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தாள். அடுத்து மட்டை பிடிக்க வருவது கெண்டல் ஹப்கா என்றது ஒலிபெருக்கி.

அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று ஏறி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா லோர்னா, உனக்கே நல்லாருக்கா? கெளம்பும்மா!" என்றார் டயர் கடை வெர்ன்.

"எம்புள்ள மொத தடவையா ஆடுறான், வெர்ன். இது ஒண்ண பாத்துட்டுப் போயிடறேன்."

"புள்ள மேல பாசம் இருந்தா எடத்தக் காலி பண்ணு!" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் முகம் சுண்டிப்போனது. நாங்கள் சொன்னதை நம்பிவிட்டாள், பாவம். மறுபடி எழுந்தாள்.

மைதானத்தில் கெண்டல் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான். எங்கள் பக்கம் திரும்பி, உட்கார் என்று மட்டையால் சைகை காட்டினான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். மறுபடி காட்டினான்.

"அம்மாவும் புள்ளையும் வீட்ல போய்ப் பேசிக்கங்கப்பா!" என்று அம்பயர் கத்தியது எங்களுக்கே கேட்டது. லோர்னா உட்கார்ந்தாள்.

இரண்டாவது பந்தை அடித்தான் பாருங்கள், அடேயப்பா! எல்லோரும் எழுந்துவிட்டோம். வெர்ன் என் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தார். பந்து கடைசிச் சுவர் வரை போனது. அங்கே எதிரணிக்காரன் ஒருவன் எம்பிக் குதித்துப் பிடித்துவிட்டான். தோற்றோம்.

கெண்டல் நேராக எங்கள் வரிசைக்கு முன்னால் வேலியோரம் வந்தான்.

"எல்லாம் என்னாலதான்டா," என்று அழுதாள் லோர்னா.

"புடிச்சது அவன். நீயா புடிச்ச? அத விடும்மா. நான் அடிச்சதப் பாத்தியா?"

"பாத்தேன்டா. செவுரு வரைக்கும் போச்சு."

"நீ பாக்குறேன்னுதான் அவ்ளோ தூரம் போச்சு."

வெர்ன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாளைக்கு நான் வேணா கீழ போய் நின்னுக்கறேன்மா," என்றார்.