வெங்காயக் களஞ்சியத்தில் பதிந்த மெட்டு

நுரைச்சோலை தொடங்கித் தலவில மட்டும் அல்பொன்சாவைத் தெரியாத ஆட்கள் குறைவு. அந்தப் பக்கத்தில் கத்தோலிக்கரான எந்த வேதக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும், பெட்டிக்கு முன்னால் நடக்கிற கோயில் பேண்ட் குழுவில் ஒரே பெண்பிள்ளை அவள்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கையில் கிளாரினெட். மற்ற நாட்களில் அலியார் ஹாஜியாரின் வெங்காயக் களஞ்சியத்தில் குந்தியிருந்து, பெரிசு சிறிசு பார்த்துத் தரம் பிரிப்பாள். நாற்பதைத் தொடுகிற வயது. கலியாணம் இரண்டு தரம் பேசி வந்து, இரண்டு தரமும் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை.

கிளாரினெட் அவளுக்கு சிலாபத்துக் கொன்வென்டில் படிக்கும்போது கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியங்கள் வந்தபோது, பழையதில் ஒன்றை ஒரு சிஸ்டர் அவளுக்குக் கொடுத்துவிட்டார். துளை மூடுகிற மூடி ஒன்றின் அடிமெத்தை பிய்ந்து கிடந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டினாள். முழுசாக மூடவில்லை. அந்த ஒரு சுரம் மட்டும் காற்றுக் கலந்து, கொஞ்சம் இறங்கித்தான் வரும். அதை மறைக்க, கீழே இருந்து ஏறிப்போய் அந்தச் சுரத்தைத் தொட்டு, மெல்லச் சரிந்து விடுவதற்குப் பழகிக்கொண்டாள். கேட்கிறவர்களுக்கு அது வேணுமென்றே செய்வது போல இருக்கும்.

தம்பி ஜோர்ஜுக்கு முதல் முதல் சுரம் காட்டிக் கொடுத்ததும் அவள்தான். கோயில் ஓர்கனில் அவன் விரலைப் பிடித்து வைத்துப் பழக்கினாள். பெரியவனானதும் அவன் கொழும்புக்குப் போய் ஹோட்டல்களில் கீபோர்ட் வாசித்தான். பிறகு ஒரு நாள் ஆட்களோடு ஆட்களாக வள்ளம் ஏறி இத்தாலிக்குப் போய்விட்டான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அப்பா இன்னாசிப்பிள்ளை செத்துப்போனார். ஜோர்ஜிடம் அப்போது அங்கே தங்குவதற்குப் பத்திரம் ஒன்றும் இல்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. ஆகவே போனில் சாவீடு கேட்டான். வீட்டிலிருந்து, புதைக்கிற சேமக்காலை மட்டும் அம்மா எமிலியா ஒரு கையால் போனைப் பிடித்தபடி, மற்றக் கையால் முந்தானையை வாயில் பொத்தியபடி நடந்தாள். ஒழுங்கையால் வந்த பெட்டி பெரிய றோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டை பேண்ட் மாஸ்டர் அன்ரனிப்பிள்ளை இன்னும் எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் அல்பொன்சா நிறுத்தாமல் வாசித்தாள். என்ன வாசிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவரும் அதற்கு முன் கேட்டிராத மெட்டு. அன்ரனிப்பிள்ளை தன் ட்ரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டு, மேளக்காரர்களை மெல்லத் தட்டச் சொல்லிக் கை காட்டினார். சேமக்காலை வாசல் மட்டும் அவள் ஒருத்தியின் சத்தம்தான்.

அதற்குப் பிறகு சாவீடுகளில், பெட்டி றோட்டுக்கு ஏறுகிற நேரம், "அந்த நடை மெட்டை வாசியுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பேரென்று ஒன்றும் இருக்கவில்லை.

2015 ஆவணியில் ஜோர்ஜ் பத்திரம் கிடைத்து வந்தான். மெலிந்த தாடி, நல்ல சிரிப்பு. மிலானோவில் ஜாஸ் குழு ஒன்று வைத்திருந்தான். பேஸ் கிட்டார்க்காரன், ட்ரம்ஸ்காரன் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எங்கட கரைச் சத்தத்தையும் ஜாஸையும் சேர்த்து ஒரு அல்பம் செய்யப்போவதாகவும், எங்கட தென்மேல் காற்றின் பேரிலேயே அதற்குப் பேர் 'சோளகம்' என்றும் சொன்னான்.

"அக்கா, நீங்க வாசிக்காட்டி இந்த அல்பம் இல்ல" என்றான். "அண்டைக்குப் போனில கேட்டதை இன்னும் நான் மறக்கேல்ல."

பதிவுக்கு இடம் தேடினார்கள். கோயில் மண்டபத்தில் எதிரொலி. கடைசியில் அலியார் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். சுவர் முழுக்க வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்ததால் சத்தம் எங்கும் பட்டுத் திரும்பவில்லை. மூன்று நாள் பதிவு நடந்தது. கண்ணெரிந்து இத்தாலிக்காரர்கள் அழுதபடி வாசித்தார்கள். அல்பொன்சா பழகியவள், அவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நடை மெட்டை எடுத்தார்கள். முதலில் அவள் தனியாக. பிறகு பேஸ் கிட்டார் அடியில் நடந்து வந்து சேர்ந்தது. அதற்கு மேல் ஜோர்ஜ் கீபோர்டில் அங்கொன்று இங்கொன்றாகச் சுரங்களை வைத்தான். தன்னுடைய மெட்டுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. முடிந்ததும் ஜோர்ஜ் எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்தான். கதவடியில் நின்ற அலியார், "மாஷா அல்லாஹ்" என்றார். அன்றைக்கு அவள் வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனதாக, கண்டவர்கள் சொன்னார்கள்.

ஒரு வருஷம் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கும்போதெல்லாம், "வருது அக்கா, வேலை நடக்குது" என்பான். பிறகு விடுமுறையில் வந்த ஒருவரிடம் சீடியைக் கொடுத்தனுப்பினான். வீட்டில் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. அலியாரின் லொறியில் சீடி பிளேயர் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், களஞ்சிய வளவில் நின்ற லொறிக்குள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

ஆறாவது பாட்டு அது. 'அப்பா' என்று பேர் போட்டிருந்தது. கிளாரினெட் தொடங்கியது. அல்பொன்சா கண்ணை மூடினாள். நாலு வரி போகவில்லை, திறந்துவிட்டாள். அலியார் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்கட சத்தமில்லயே" என்றார். "மூணு நாளும் கதவடியில நிண்டு கேட்டவன் நான்."

"இல்ல நானா. இது வேற ஆள்." அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

மூச்சுக்கு மூச்சு அவள் வாசித்ததுதான். ஆனால் அது எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற வாசிப்பு. அந்தச் சரிகிற சுரம் வந்தது. இந்த ஆளின் கிளாரினெட்டில் கிழிந்த மெத்தை இருந்திருக்காது. கேட்டுப் பழகித்தான் சரித்திருக்கிறான். உறைக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தாள். கொன்வென்ட் இங்கிலீஷ் அதற்குப் போதும். கிளாரினெட்: மவுரோ என்று ஒரு பேர். இசையமைப்பு: ஜோர்ஜ் இன்னாசிப்பிள்ளை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் அவளுடைய பேரும் இருந்தது. 'என் அக்கா அல்பொன்சாவுக்கு, சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும்.'

அவள் அதை மூடி உறைக்குள் வைத்தாள். பின்னேரம் வரைக்கும் வேலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அங்கே இத்தாலியில் அல்பத்தை நல்லாக எழுதினார்களாம். அந்தச் சரிகிற சுரத்தைக் கடல் மூச்சு விடுகிற மாதிரி என்று ஒரு பத்திரிகை சொல்லியிருந்ததை ஜோர்ஜ் பேஸ்புக்கில் போட்டிருந்தான். கொழும்புப் பேப்பர் ஒன்றிலும் படம் வந்தது. பிறகு ரேடியோவில் அவனைப் பேட்டி கண்டார்கள். அம்மாவும் அவளும் குசினியில் இருந்து கேட்டார்கள்.

"அப்பா செத்த அண்டைக்கு நான் மிலானோவில ஒரு அறைக்குள்ள இருந்தன்" என்றான் ஜோர்ஜ். "வர வழியில்ல. அந்தத் துக்கத்தில வந்த மெட்டு அது. போனில பாடிக் காட்டினன். அக்கா அதைக் கேட்டு, அங்கயே பெட்டிக்கு முன்னால வாசிச்சா."

மீன் வெட்டிக்கொண்டிருந்த அல்பொன்சாவின் கை நின்றது. அன்றைக்குப் போன் இருந்தது அம்மாவின் கையில். அவன் மறுமுனையில் என்ன செய்தான் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அம்மா. அல்பொன்சா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா "ம்" என்று மட்டும் சொல்லி, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

ஊரில் அது பிடித்துக்கொண்டது. "தம்பி பாட, அக்கா வாசிச்சதாமே" என்று கோயில் வாசலில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். ஒரு சாவீட்டில், செத்தவரின் மருமகன் வந்து, "ஜோர்ஜிட மெட்டை வாசியுங்க. சீடியில இருக்கிற மாதிரி வேணும்" என்றான். அவள் வாசித்தாள். பிறகு அவன் ஆரிடமோ, "அதே மாதிரி வரேல்ல" என்று சொன்னது அவளுடைய காதில் விழுந்தது.

அடுத்த ஆவணியில், தலவிலத் திருநாளுக்கு ஜோர்ஜ் வந்தான். வந்த மறுநாள் விடிய, வள்ளங்கள் இழுத்து விட்டிருந்த இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"எண்ட வாசிப்பு எங்க?"

"அக்கா, சோளகக் காத்துக்குக் களஞ்சியத்துக் கூரைத் தகரம் ஆடின சத்தம் பதிவில விழுந்திட்டு. ஏலாது எண்டிட்டாங்க."

"மற்றவங்கட வாசிப்பில தகரம் ஆடேல்லையா?"

"அதெல்லாத்தையும் அங்க திருப்பிப் பதிஞ்சம்."

"அப்ப நான் ஒருத்திதான் இல்ல."

"உங்களைக் கூப்பிட விசா எடுக்கிறது லேசான வேலையா அக்கா? மவுரோ உங்கட பதிவைக் கேட்டுக் கேட்டு ரெண்டு மாசம் படிச்சவன். அவ்வளவு மரியாதை."

"மெட்டு?"

அவன் காலால் மணலைக் கிளறினான். "ஆர் எழுதினது எண்டு கேட்டாங்க. அக்கா எண்டு சொல்ல வாயெடுத்தன். என்னவோ, எண்ட எண்டு வந்திட்டு. அதுக்குப் பிறகு மாத்த ஏலாமப் போச்சு." கிளறுவதை நிறுத்தினான். "நான் பெட்டி தூக்கேல்ல, மண் போடேல்ல. அந்த மெட்டு ஒண்டுதான் அக்கா எனக்குக் கிடைச்சது."

"கிடைச்சதா, எடுத்ததா?"

"அடுத்த அல்பத்தில உங்கட பேரைப் போடுறன்" என்றான்.

"இதில போடு" என்றாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நடந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் அவனுக்குக் கூட்டம் வைத்தார்கள். பேண்ட் குழுவுக்கு அவன் புது வாத்தியங்கள் கொண்டுவந்திருந்தான். அன்ரனிப்பிள்ளைக்கு மின்னுகிற ட்ரம்பெட், அல்பொன்சாவுக்குக் கறுப்புப் பெட்டியில் புதுக் கிளாரினெட். அன்ரனிப்பிள்ளை அவளுடைய முகத்தைப் பாராமல் தன்னுடையதை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் 'அப்பா' போட்டார்கள். ஆட்கள் அழுதார்கள். முடிந்ததும் பங்குச் சுவாமி மைக்கை எமிலியாவிடம் கொண்டுபோனார்.

"அம்மா, அண்டைக்குப் போனைப் பிடிச்சுக்கொண்டு நடந்தது நீங்கதானே? மகன் பாடினது உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

அல்பொன்சா பின்வரிசையில், பேண்ட் குழுவோடு நின்றாள். அம்மா தலையைத் தூக்கித் தேடி அவளைக் கண்டுபிடித்தாள். ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பிறகு மைக்கில் சொன்னாள்.

"ஓம் சுவாமி. மகன் பாடினான்."

கை தட்டினார்கள். அன்றைக்கு அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

ஜோர்ஜ் திரும்பிப் போகும் மட்டும் அல்பொன்சா ஒன்றும் கேட்கவில்லை. போன மறுநாள், தேத்தண்ணியை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்டைக்கு அவன் போனில என்னம்மா பாடினான்?"

"பாடேல்ல. அழுதவன். கடைசி வரைக்கும் அழுதவன்." எமிலியா கோப்பையைத் தூக்கவில்லை. "பிறகு உண்ட வாசிப்பு வந்தது. அதுக்குப் பிறகு சத்தமே இல்ல. கேட்டுக்கொண்டிருந்திருப்பான்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"நீ அவரைக் குளிப்பாட்டினாய். வாயில தண்ணி விட்டாய். பெட்டிக்கு முன்னால நடந்தாய். உனக்கு அவர் முழுசா இருந்தார். அவனுக்கு என்ன இருக்கு? ஏதாவது ஒண்டு இருக்கட்டும் எண்டு விட்டன்."

"என்னட்டக் கேட்டீங்களா?"

"நீ பொறுத்துக்கொள்ளுவாய் எண்டு தெரியும்" என்றாள் அம்மா.

தம்பி செய்தது அவளை வெட்டியது என்றால், இந்தச் சொல் அவளை உள்ளுக்குள் போட்டு மிதித்தது. இத்தனை வருஷம் பொறுத்தது எல்லாம் அன்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அம்மா அதை அவளுடைய பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் சத்தம் போடவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. ஆனால் வேறாகிவிட்டாள். புதுக் கிளாரினெட்டைக் கோயில் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பை அன்ரனிப்பிள்ளையிடம் கொடுத்தாள். சாவீடுகளுக்கு இன்னும் போகிறாள். பெட்டி றோட்டுக்கு ஏறுகிற நேரம், ஜோர்ஜின் மெட்டைக் கேட்டால், பழைய கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெறுமனே நடப்பாள். அன்ரனிப்பிள்ளை அதைத் தன் புது ட்ரம்பெட்டில் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வளவுக்குப் போய்விடுவாள். அம்மா ஒன்பது மணிப் பூசைக்குப் போவதால், இவள் ஆறு மணிப் பூசைக்குப் போகத் தொடங்கினாள்.

களஞ்சியத்தில் ஒரு நாள் அலியார் மெல்லக் கேட்டார். "தங்கச்சி, எனக்குத் தெரியும். கோயில் ஆக்கள் ஆரிட்டயும் நான் வந்து சொல்லட்டா?"

"நீங்க கேட்டது பதிவு நடந்த மூணு நாள்தான் நானா, சாவீட்டில போனைப் பிடிச்சவ அம்மா. அவங்களுக்கு அம்மா சொன்னது போதும்" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து எமிலியாவுக்குக் கால் வீங்கி, படுக்கையோடு இருக்க வேண்டி வந்தது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அல்பொன்சாதான். ஒரு காலைநேரம், தலை சீவிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"நான் செத்தா, எனக்கு அதை வாசிப்பியா?"

அல்பொன்சா சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள். "அது தம்பிட மெட்டுத்தானே அம்மா. அவனை வந்து வாசிக்கச் சொல்லுங்க."

அம்மா சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அல்பொன்சா கொண்டை போட்டுவிட்டு, பாணையும் சம்பலையும் மூடிக் கதிரையில் எட்டுகிற தூரத்தில் வைத்தாள். வெங்காயம் வருகிற காலம். ஏழு மணிக்கு முதல் களஞ்சியத்தில் நிற்க வேண்டும். அவள் சைக்கிளை வெளியே எடுத்தாள்.