நான்காவது மாடி ஆப்பிரிக்கா

போன மாதம் பத்து நாள் நான் ஆப்பிரிக்காவில் இருந்தேன். காய்ச்சலோடு.

உடம்பு என்னவோ பிரிக்ஃபீல்ட்ஸில்தான் கிடந்தது, எங்கள் ஃபிளாட்டின் தரைத்தளத்தில், தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் என் வாடகை அறையில். மனசு மட்டும் அங்கே. பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு ஆங்கில நாவல்கள் கிடைத்திருந்தன. எல்லாமே ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஊரில் நடக்கும் துப்பறியும் கதைகள். துப்பறிபவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். முதல் புத்தகத்தில் ஓர் ஆடு காணாமல் போகிறது. இருநூறு பக்கம் தேடுகிறார்கள். கிடைத்துவிடுகிறது.

அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, கத்தி இல்லை, ரத்தம் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று நான்கு புத்தகம் படித்தாய் என்கிறீர்களா?

நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கினேன். பண்டமாரானில் லோரி உதவியாளாக இருந்தேன். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்தேன். என் ஆங்கிலம் அங்கங்கே பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலம். பெரிய எழுத்தாளர்கள் என்னை மூன்றாவது பக்கத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த நாவல்கள் உட்காரச் சொல்லின.

இன்னொரு காரணமும் உண்டு. லோரியில் ஓடிய அந்த மூன்று வருடத்தில் சாலையில் ஐந்து பிணம் பார்த்தேன். அதில் ஒருவர் அன்று காலை என்னோடு ரொட்டி சானாய் சாப்பிட்டவர். புத்தகத்திலும் போய் அதைப் பார்ப்பானேன்? எனக்கு ஆடு போதும்.

அந்த நர்ஸிடம் ஒரு பழக்கம். யார் மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போவார். உட்காருவார். கொடுப்பதைச் சாப்பிடுவார். ஆட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். தட்டு காலியாகும்போது பாதி உண்மை வெளியே வந்திருக்கும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன்.

காய்ச்சலில் கிடந்த எனக்கு மூன்றாவது மாடி சரோஜா அக்கா ரசம் சோறு கொண்டுவந்தார். நான்கு அடுக்கு டிபன் கேரியரில். அக்காவின் கணவர் பெருமாள் அண்ணன் ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் தினமும் தூக்கிக்கொண்டு போன கேரியர் அது. அண்ணன் போய் ஆறு வருடம். வட்ட மூடியில் அவர் பெயர் இருக்கும். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுப்பார்களே, அப்படி: மு. பெருமாள்.

"கேரியர் பத்திரம். அடுத்த மாசம் அவரு திதி. இதுலதான் படைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் கேரியரைக் கழுவினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் நமக்கு ஏது? ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். தையல் கடைக்காரர் வாங்கித் தந்த பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு இருந்தது. அடுக்குக்கு மூன்று பழம் வைத்துப் படியேறினேன். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அக்கா கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போயிருப்பது முன்பே தெரியும், அதனால் கதவைத் தட்டவில்லை. கதவில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே இருந்த ஆணியில் கேரியரை மாட்டினேன். அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜும் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அக்கா திரும்பி வந்தார். கதவில் கேரியர் இல்லை.

யார் எடுத்தது? எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவுக்கு இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஒன்பது நிமிடம் ஆனது.

நான்காவது மாடியில், அக்கா வீட்டுக்கு நேர் மேலே, ஓர் ஆப்பிரிக்கர் இருக்கிறார். கானா நாட்டுக்காரர். முதுகலை படிக்க வந்தவர். பெயர் இம்மானுவேல். எட்டு மாதத்துக்கு முன் குடிவந்தார். வந்த கதையை ஃபிளாட் கமிட்டித் தலைவர் மணியம் அங்கிள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அங்கிள் பழைய எஸ்டேட் கிராணி, தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. கணக்குப்பிள்ளைக் குரலில்தான் எதையும் சொல்வார்.

"இம்மானுவேல்னு போன்ல கேட்டதும் நம்ம கிள்ளான் கத்தோலிக்க ஆளுன்னு நெனச்சிட்டாரு வீட்டுக்காரரு. சாவி கொடுக்க வந்தப்பதான் மொகத்தையே பாக்குறாரு. அதுக்குள்ள கையெழுத்தும் ஆயிருச்சி."

ஆதாரங்கள் குவிந்தன. நான்காவது மாடியிலிருந்து அடிக்கடி கருகிய வாசம் வருகிறது. பகலில் டொக் டொக் என்று எதையோ உடைக்கும் சத்தம். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஆதாரமும் வந்தது. காவலாளியிடம் இம்மானுவேல் ஒரு காகிதத்தைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறார். காவலாளி நேபாளி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதம் மேசையிலேயே கிடந்தது. மணியம் அங்கிள் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

காகிதம் முழுக்கப் புள்ளிகள். வளைந்து வளைந்து போகும் புள்ளிகள்.

"கோலமா?" என்று ஒருவர் கேட்டார்.

"செய்வினை" என்றார் இன்னொருவர். அதற்குப் பதினான்கு பேர் கும்பிடு எமோஜி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூட்டம், அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று முடிவானது. மணியம் அங்கிள் என் அறைக்கே வந்தார்.

"நீதான் தம்பி முக்கிய சாட்சி. எங்க மாட்டுனே?"

"மூணாவது மாடி, எடது கதவு."

"நிச்சயமா?"

"சத்தியமா அங்கிள்."

"காய்ச்சல்ல இருந்தியே?"

"காய்ச்சல் எனக்குத்தானே அங்கிள். மாடிக்கா?"

அவருக்குத் திருப்தி. எனக்கும் என் பதில் பிடித்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் நான்காவது புத்தகத்தில் இருந்தேன். நர்ஸ் சந்தேகப்பட்ட ஆளின் வீட்டில் உட்கார்ந்து பூசணிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எதுவோ குத்தியது. அந்த ஊரில் எந்த மாதம் மழை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நர்ஸின் அத்தை பெயர்கூடத் தெரியும். எட்டு மாதமாக மாடிப்படியில் எதிரே வரும் ஆப்பிரிக்கரிடம் ஒரு 'குட் மார்னிங்' சொன்னதில்லை. ஆப்பிரிக்காவைப் புத்தகத்தில் நேசிப்பது எவ்வளவு சுலபம்... பக்கத்தைத் திருப்பினால் நமக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குப் படியேறினேன். இந்த முறை காய்ச்சல் இல்லை. மாடிகளை எண்ண முடிந்தது.

மூன்றாவது மாடி, இடது கதவு. சரோஜா அக்கா வீடு. கம்பிக் கதவு, முருகன் படம், ஒரு சின்ன மணி. தோரணம் இல்லை. ஆணியும் இல்லை.

நின்றேன். பிறகு மெதுவாக நான்காவது மாடிக்குப் போனேன். இடது கதவு. முன்பு குடியிருந்த தமிழ்க் குடும்பம் விட்டுப்போன பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஓர் ஆணி.

நாவல்களில் இந்த இடத்தில் துப்பறிபவருக்குக் கண் பளிச்சிடும். நான் ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தேன். ஆட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் கட்டியவன் நான். அக்கா வீட்டு வாசலில்தான் கட்டினேன் என்று சத்தியம் செய்தவனும் நான்.

கதவைத் தட்டினேன். இம்மானுவேல் திறந்தார். கையெல்லாம் மாவு மாதிரி ஏதோ. பின்னால் மேசையில், தேய்த்துத் தேய்த்து வெள்ளி போல ஆக்கிய பெருமாள் அண்ணனின் கேரியர்.

"வாங்க பாஸ், உட்காருங்க" என்றார் ஆங்கிலத்தில். நான் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் கேட்பாரா? அவரே சொன்னார்.

"ஒரு நாள் கதவைத் திறந்தால் இது தொங்கியது. உள்ளே பழம். இந்தக் கட்டடத்தில் எனக்கென்று வந்த முதல் பொருள். யார் கொடுத்தது என்று தெரியவில்லை."

"ஏன் கேட்கவில்லை?"

"யாரிடம்? மாடிப்படியில் என்னைப் பார்த்தால் யாரும் நிற்பதில்லையே."

மூடியில் இருப்பது பெயராக இருக்கும் என்று ஊகித்து, அந்தப் புள்ளிகளை அப்படியே காகிதத்தில் எழுதியிருக்கிறார். வெறும் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வெட்கமாம்.

"பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாமா? அம்மாவுக்குத் தெரிந்தால் போனிலேயே அடிப்பார்" என்றார்.

அதனால் அம்மா கைப்பக்குவத்தில் நிலக்கடலைக் குழம்பு வைத்து நிரப்பித் தர முடிவு செய்திருக்கிறார். முதல் முறை, கடையில் வாங்கிய கடலை வெண்ணெயில் சீனி இருந்தது. பாயசமாகிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது முறை அடிப்பிடித்துக் கருகியது. பிறகு கடலையை வறுத்து, போத்தலால் தானே இடிக்க ஆரம்பித்தார். டொக் டொக்.

குழுவில் குவிந்த ஆதாரங்கள் அத்தனையும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன.

எனக்கு ஆசை விடவில்லை. அந்த நாவல்களின் ஊரைப் பற்றிக் கேட்டேன். அங்கே மாலை நேரம் அவ்வளவு அழகாக இருக்குமாமே?

"எனக்கு எப்படித் தெரியும்? என் ஊரிலிருந்து விமானத்திலேயே ஆறு மணி நேரம். நீங்கள் ஜப்பானுக்குப் போயிருக்கிறீர்களா?" என்றார்.

"நீங்கள் எந்த மாதிரி புத்தகம் படிப்பீர்கள்?"

"கொலைக் கதைதான். ஐரோப்பாவில் பனிக்குள்ளே பிணம் கிடக்குமே, அது."

பிறகு ஐந்து மணிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்தக் குழுவில் இல்லை. அவரை யாரும் சேர்க்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"படிப்பு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது" என்றார். "இதற்கு முன் மூன்று இடத்தில் முகத்தைப் பார்த்ததும் வீடு இல்லை என்றார்கள்."

ஏழு அறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவன் நான். மூட்டை கட்டுவது அரை மணி நேர வேலை. எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டுவதுதான் கஷ்டம்.

ஒரு யோசனை வராமல் இல்லை. கேரியரை இப்போதே வாங்கிப் போய் அக்கா கதவில் வைத்துவிட்டால்? என் மானம் தப்பிக்கும். ஆனால் 'பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டான்' என்பார்கள். அவர் காலத்துக்கும் திருடனாகவே படியேற வேண்டும்.

ஐந்து மணிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மணியம் அங்கிள் கையில் கடிதம் தயார். என்னை எழுந்து பேசச் சொன்னார்.

"அங்கிள், திருடன் கெடச்சிட்டான்" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். சரோஜா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மாடி கூடுதலா ஏறிப் போயிருக்க. அதுகூடவா தெரியல?"

"மூச்சு வாங்குச்சிக்கா."

"மூச்சு வாங்குனா எண்ணிக்கையுமா போயிரும்? என் ரசத்துக்கே கெட்ட பேரு லா."

மணியம் அங்கிள் விடவில்லை. "சரி, அந்தச் செய்வினைக் காகிதம்?"

அவர் போனை வாங்கினேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பி அவரிடமே கொடுத்தேன். வட்டமான மூடியில் எது மேல், எது கீழ் என்று இம்மானுவேலுக்கு எப்படித் தெரியும்?

அங்கிள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மு... பெ... பெருமா..." என்றவர் நிறுத்திவிட்டார்.

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். கடைசி எழுத்தை விரலால் பெரிதாக்கினார்.

"கடைசி எழுத்து கோணிக்கிட்டு நிக்குதுன்னு கடைக்காரன்கிட்ட ஒரு மணி நேரம் சண்ட போட்டாரு" என்றார். "அந்தக் கோணலக்கூட இந்தப் புள்ள விடாம எழுதியிருக்கு பாரு."

அப்போது இம்மானுவேல் இறங்கி வந்தார். கேரியர் கனமாகத் தெரிந்தது. நேராக அக்காவிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா திறந்தார். கோழியும் கடலையும் கலந்த வாசம் கார்களுக்கு நடுவே பரவியது.

முதலில் சுவைத்தவர் மணியம் அங்கிள்தான், தலைவர் என்ற முறையில்.

"கச்சான் கொழம்பா? காரம் பத்தல" என்றார். இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அடுத்த விஷயம், தண்ணித் தொட்டி" என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நாமெல்லாம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவோமா என்ன? குழுவில் மட்டும் புதிதாக ஓர் உறுப்பினர் சேர்க்கப்பட்டார்.

அந்த நாவல்கள் ஏன் பிடிக்கின்றன என்று இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன். ஆடு கிடைத்துவிடுகிறது என்பதற்காக இல்லை. ஆடு கிடைக்கும்வரை யாரையும் ஊரைவிட்டுத் துரத்துவதில்லை, அதற்காக.

புதன்கிழமை பெருமாள் அண்ணனின் திதி. கேரியரில் படைத்தார்கள். படைத்து முடித்ததும் அது நிறையச் சோறும் வடையுமாக நான்காவது மாடிக்குப் போனது. வெள்ளிக்கிழமை வறுத்த வாழைப்பழத்தோடு இறங்கி வந்தது. நேற்று எலுமிச்சை ஊறுகாயோடு மறுபடி ஏறியதைப் பார்த்தேன். இன்றைக்கு அது யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் தேடவும் இல்லை.

எனக்கு மட்டும் அக்கா இப்போதெல்லாம் ரசத்தைப் பிளாஸ்டிக் பையில்தான் கட்டிக் கொடுக்கிறார்.