எரிக்காத பல்ப்

போன தை மாதம், பினாங்கிலிருந்து கப்பலில் வந்த என் மச்சான் புதுக் கேமராவோடு முதுநகரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மரத்தில் அடையும் கொக்குகளைப் படமெடுக்க, சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் போனோம்.

சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சேற்றுத் திட்டில் இறங்கினோம். "நீங்க இருந்தா ஒரு கொக்கும் ஒக்காராது. பொழுது சாயுற மக்ரிபு நேரத்துக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க," என்று ஓடக்காரரை மச்சான் அனுப்பிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

பிளாஷ் பல்ப் ஒரு படத்துக்குத்தான் எரியும். ஒவ்வொரு பளிச்சுக்கும் கொக்குகள் எழும்பி, மறுபடி வந்து அடைந்தன. அந்த மும்முரத்தில் தண்ணீர் ஏறியதை நாங்கள் கவனிக்கவில்லை. இடுப்புக்கு வந்தபோது நகரப் பார்த்தோம். முழங்கால்வரை சேறு பிடித்திருந்தது.

"கால் வரமாட்டேங்குது மச்சான்," என்றார் அவர்.

இருட்டியது. தூரத்து வாய்க்காலில் ஓடக்காரரின் அரிக்கேன் வெளிச்சம் எங்களைத் தேடி அலைந்தது. தொண்டை கிழியக் கத்தினோம். தலைக்குமேல் கொக்குகள் போட்ட இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. வெளிச்சம் விலகிப் போனது. நெஞ்சளவு தண்ணீரில் மச்சான் சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நல்ல படத்துக்கென்று அவர் ஒரு பல்பை மிச்சம் வைத்திருந்தார். கேமராவைப் பிடுங்கி, மரத்தைப் பார்த்து அமுக்கினேன். கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. அந்த அமைதியில் மறுபடி கத்தினோம். வெளிச்சம் நின்றது, பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

மச்சான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கேமராவோடு இப்போதும் படமெடுக்கப் போகிறேன். ஓடக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார். கொக்கு பறந்தால் பறக்கட்டும். எவ்வளவு நல்ல படம் வாய்த்தாலும், ஒரு பல்பை எரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.