பட்டி வைத்த பாலம்

பிள்ளைகளா, நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பழகியவன். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவரில் ஓர் ஆணி ஓட்டை தெரிந்தாலும் வேலையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் எந்த ஓட்டையைக் கண்டாலும் பட்டிப் பசையை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எனக்குக் கைப்பழக்கம்.

அதே பழக்கத்தில்தான் போன வருஷம் கால்வாய் மேலிருக்கும் இரும்பு நடைபாலத்துக்கும் பெயிண்ட் அடித்தேன். முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள் சேர்ந்த பாலம். சட்டங்கள் கூடும் இடத்தில் ஒரு தகடு, தகட்டுக்கு ஆறு போல்ட். சில தகடுகளில் ஒன்றிரண்டு, ஒன்றில் மூன்று போல்ட் இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது. துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். நான் யோசிக்கவில்லை, அடைத்துவிட்டேன். பச்சைப் பெயிண்டில் பாலம் புதுசாகத் தெரிந்தது.

இந்த வருஷம் பாலத்தைச் சோதிக்க ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார். எனக்குப் பெயிண்ட் வேலை கொடுத்த கான்ட்ராக்டர், ஏணி பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். மறுநாள் திருக்கோஷ்டியூர்க் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் அந்தப் பாலத்தில்தான் ஏறும். அந்த அம்மா சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பச்சைச் சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஓட்டை.

"ஒரு போல்ட்தானே மேடம், இப்பவே முடுக்கிருவோம்," என்றார் கான்ட்ராக்டர்.

அந்த அம்மாவும் அப்படியே எழுதப் போனார். மற்ற ஓட்டைகள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னும் இருக்கும்மா. இங்குட்டு ஒண்ணு. அங்குட்டு, கடைசித் தகட்டுல மூணு. நாந்தான் அடைச்சேன்."

"எதை வச்சு அடைச்சீங்க?"

"பட்டி."

கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்ணே, இதென்ன வீட்டுச் சுவரா? உப்புத்தாள் வேற போட்டீகளாக்கும்?"

"போட்டேன்," என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கடைசித் தகட்டைச் சுரண்டினார். மிச்சமிருந்த மூன்று போல்ட்டில் ஒன்று விரலால் திருகியதுமே கையோடு வந்தது. தகட்டின் ஓரம் அப்பளமாக நொறுங்கியது. சட்டம் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதைப் பிடித்து நிறுத்துவது இந்த இணைப்புதான் என்று சொல்லி, பாலத்தின் இரண்டு முனையிலும் யாரும் ஏறாதபடி கயிறு கட்ட வைத்தார்.

மறுநாள் ரோட்டுப் பாலத்துக்குச் சுற்றிப் போக வழி சொல்ல என்னைக் கயிற்றருகே நிறுத்தினார்கள். வெறுங்காலோடு வந்த ஒரு பெண், "பாலம் பளபளன்னு நிக்குது, எங்களை ஏன்யா வெயில்ல அலைய விடுறீக?" என்றார்.

போல்ட் இல்லாத ஓட்டைகளில் நான் பட்டி வைத்து அடைத்ததைச் சொன்னேன்.

"அட கொள்ளையில போவான்!" என்று கயிற்றை விட்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு, கயிற்றைத் தூக்கி நுழையப் பார்த்த நாலு பேரையும் அவரே கையைப் பிடித்து அங்குட்டுத் திருப்பிவிட்டார்.