கிணற்றுத் தண்ணீரில் தேய்த்த கார்

2005இல் எங்கள் அம்பாசிடருக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மரக்காணத்து உப்புக் காற்றில் கதவுகளின் அடிப்பகுதி துருவேறி, விரலால் குத்தினால் உதிர்ந்தது. இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். கார் நின்றால் அப்பாவும் வீட்டோடு நின்றுவிடுவார். அவருக்கு முட்டி மடங்காது. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவுக்குள் காலை நுழைக்க முடியாது. எங்கள் உப்பளத்துக்கும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் அவர் போய்வந்தது அந்தக் காரின் முன் இருக்கையில்தான்.

பாண்டிச்சேரியில் நல்ல பெயிண்ட் ஷெட் ஒன்றை விசாரித்து, சொல்லியும் வைத்திருந்தேன். அப்பா மறுத்தார்.

"அங்க விட்டுட்டு வந்தா உள்ள இருக்கிறதெல்லாம் கழட்டி மாத்திடுவான். நம்ம கொட்டாயிலயே அடிக்கச் சொல்லு."

கொட்டாய் என்பது உப்பளத்து ஓரத்தில் மூட்டை அடுக்கும் ஓலைக் கூரை. உப்பு அரித்த காரை உப்புக் கொட்டாயில் வைத்துச் சரிசெய்வது பற்றி நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெயிண்டரை அழைத்துவந்தேன். துபாயில் பல வருஷம் கார்களுக்கு ஸ்பிரே அடித்தவர். எல்லோருக்கும் அவர் பாய். எந்த வெள்ளை வேண்டும் என்று அவர் நிற அட்டையை நீட்டினார். அப்பா ஒரு கை உப்பை அள்ளிக் காட்டினார்.

"இந்த வெள்ளை."

"இதுக்குக் கம்பெனில நம்பர் இல்லையே பெரியவரே."

"அப்போ நீயே கலக்கு. ஷேக்கு வண்டிக்கெல்லாம் அடிச்சேன்றியே."

பாய் சோம்பேறி அல்ல. துருவைச் சுரண்டினார். ஓட்டைகளுக்குத் தகடு வைத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பர் என்னும் தேய்ப்புத் தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் மட்டும் ஸ்பிரே அடித்தார். கார் பளபளத்தது. அப்பா அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சித்திரை முடிவதற்குள் கொப்புளம் கிளம்பியது. முதலில் கதவுகளில், மிளகு அளவில். பிறகு பானட் முழுவதும், அம்மை போட்டதுபோல.

பாய் வந்து காற்றைக் குறை சொன்னார். பிறகு பெயிண்டில் கலந்த தின்னரை. பிறகு வெயிலில் நிறுத்தியதாக என்னை. அப்பா நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கீறி, உள்ளே கசிந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புப் பாத்தித் தண்ணீரை அவர் சோதிப்பதும் அப்படித்தான்.

"நம்ம கெணத்துத் தண்ணி," என்றார்.

பட்டியைத் தேய்த்ததும் கழுவியதும் கொட்டாய்க்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில். தண்ணீர் காய்ந்தது, உப்பு தங்கியது, அதன் மேல் பெயிண்ட் ஏறியது. பிறகு உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டது.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா! துபாயில கொழாயத் தெறந்தா நல்ல தண்ணி சார். பாலைவனத்துல இந்த நெனப்பே வந்ததில்ல."

அடுத்த முறை வீட்டிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன்.

"குடிக்கிற தண்ணியில காரைத் தேய்ப்பியா?" என்றார் அப்பா. "கொழாயடியில பொம்பளைங்க கொடத்தோட நிக்கிறாங்க. நீதான் தண்ணிப் பஞ்சம்னு பேப்பர்ல எழுதுறவனாச்சே, இதையும் எழுது!"

குற்றவாளியைக் கண்டுபிடித்தவரே அதற்கு வக்கீலும் ஆனார். கிணறு அப்படித்தான் இருக்கும், பெயிண்டர்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார். பல நாள் இதே பேச்சு. கடைசியில் பாய் ஒரு வழி சொன்னார்: இரும்பை கிராமத்துப் பக்கம் அவருக்குத் தெரிந்த விவசாயியின் பம்புசெட். தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம். தானும் வருவதானால் சரி என்றார் அப்பா.

வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. பம்புசெட் ஓட, பாய் வெளியே கதவைத் தேய்க்க, அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா பாய், மூஞ்சியில தெறிக்குது."

"எறங்கி அந்தப்பக்கம் உக்காருங்களேன் பெரியவரே."

"ஏறி எறங்க முடிஞ்சா எனக்கு எதுக்குய்யா காரு?"

இந்த முறை பெயிண்ட் நின்றது. முதல் தடவை பட்ட அவமானத்துக்குப் பரிகாரமாக, பாய் யாரும் கேட்காமலே பானட்டுக்கு உள்ளேயும் அடித்திருந்தார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆய்வுக்குப் போன அன்று இன்ஸ்பெக்டர் கதவுகளைப் பார்க்கவே இல்லை. நேராக பானட்டைத் திறந்தார். இரும்பில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க வேண்டும். நம்பரைக் காணோம். பாயின் வெள்ளை அதன் பள்ளங்களை வழவழப்பாக நிரப்பியிருந்தது.

"எங்கங்க நம்பர்? தெரியலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. பெயிண்டத் தேய்ச்சு எடுத்துக் காட்டுங்க."

இந்தப் பெயிண்டுக்காக நான் அலைந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. டேஷ்போர்டில் பாய் விட்டுப்போன வாட்டர் பேப்பர் துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வளாகத்துக் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

திரும்பி வந்தபோது அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவருடைய குடிதண்ணீர் பாட்டில்.

"முழுசா ஊத்தித் தேய்டா," என்றார். "உப்பு நிக்கக் கூடாது."